பாதி வெளிச்சம்

மாதனூர்
22 ஜனவரி 2024

கமலத்துக்கு,

பச்சையப்பன் எழுதிக்கொள்வது. நான் சுகம், கோழிகளும் சுகம். நீ சுகமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் வந்திருப்பாய்.

பொங்கலுக்கு வருவாய் என்று புதுப் பானை வாங்கி வைத்திருந்தேன். நீ வரவில்லை. நவநீதன் மட்டும் ஓசூரிலிருந்து ஒரு நாள் வந்து போனான். அப்பனும் மகனும் பானையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குப் போய்ப் பிரியாணி வாங்கி வந்தான். ஊரெல்லாம் பொங்கல் பொங்கும்போது கத்தரிக்காய் தொட்டுக்கொண்டு பிரியாணி தின்ற வீடு நம் வீடு ஒன்றுதான். உன்னையும் பார்த்துவிட்டுத்தான் வந்தான் போலிருக்கிறது. கேட்டதற்கு, "அம்மா நல்லா இருக்காங்க" என்றான். 

"ஒரு மாசம். ஆம்பூர்ல தையல் வேலை செய்யற தில்ஷாத்துக்கு ஒரு விளக்கு செஞ்சு குடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு நவம்பரில் போனாய். இப்போது தை பிறந்துவிட்டது. நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தபோது ஒரு கிராமத்துக்கே ஒரே நாளில் வெளிச்சம் கொடுத்திருக்கிறேன். ஒரு மேஜை விளக்குக்கு இத்தனை மாதமா?

போன் செய்தால் எடுப்பதில்லை. "எழுதுங்கள், பதில் எழுதுகிறேன்" என்று மெசேஜ் மட்டும் வருகிறது. இதோ இருக்கிற ஆம்பூருக்கு எதற்குக் கடிதம் என்று புரியவில்லை. சரி, எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டு ஜெயம்மாள் மகள் எழிலரசி தினமும் ஷூ கம்பெனி பஸ்ஸில் அங்கே வருகிறாளே, அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். "நான் தையல்காரியா, தபால்காரியா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டாள்.

டீக்கடையில் தினமும் ஒரே கேள்வி. "இன்னா சார், டீச்சரம்மா இன்னும் வர்லயா?" வேலையாக இருக்கிறாள் என்றேன். "ரிட்டயர் ஆனப்புறம் இன்னா சார் வேல?" என்றான் ஒருவன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எந்தத் தேதிக்கு வருகிறாய் என்று தெளிவாக எழுது.

இப்படிக்கு,
பச்சையப்பன்


ஆம்பூர்
26 ஜனவரி 2024

நவநீதன் அப்பாவுக்கு,

கமலத்தின் வணக்கம். நான் நலம். பானை வாங்கினீர்கள் என்று படித்தபோது சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

கடிதம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீங்கள் முடித்துவிடுகிறீர்கள். கல்யாணமான நாளிலிருந்து என் வாக்கியங்கள் பாதியிலேயே நிற்கின்றன. காகிதத்தில் முற்றுப்புள்ளியை நானே வைத்துக்கொள்ளலாம்.

விளக்குக்கு ஏன் இத்தனை நாள் என்பதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். நான் இருப்பது மாடியில், தில்ஷாத் கீழ்வீட்டில் ஷூவின் மேல்தோலைத் தைத்துக் கொடுக்கிறாள். கறுப்புத் தோலில் கறுப்பு நூல். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் வைத்த விளக்கு ஒன்றைக் கடையில் வாங்கினாள். குமிழைத் துளி திருப்பினால் கண் கூசுகிறது. அதற்குப் பிறகு முக்கால் சுற்று திருப்பினாலும் ஒரு மாற்றமும் தெரிவதில்லை. "டீச்சர், இது லைட்டா, என் மாமியாரா? லேசா தொட்டா எகிறுது, அப்புறம் எவ்ளோ கெஞ்சினாலும் அசைய மாட்டேங்குது" என்றாள்.

குறை விளக்கில் மட்டும் இல்லை, நம் கண்ணின் சுபாவமே அப்படி. கும்மிருட்டான அறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். இரண்டாவது ஏற்றினால் அறையே மாறிப்போகும். அதே மெழுகுவர்த்தியை நூறு விளக்கு எரியும் கல்யாண மண்டபத்தில் ஏற்றுங்கள், மாப்பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். சேர்த்தது ஒரே மெழுகுவர்த்திதான். ஆனால் கண், எத்தனை கூடியது என்று பார்ப்பதில்லை, எத்தனை மடங்கு ஆனது என்று பார்க்கிறது. கஞ்சிக்கு உப்புப் போடுவதும் அப்படித்தான். முதல் சிட்டிகைதான் நாக்குக்குப் பெரிய செய்தி. அதனால் கண்ணுக்குச் சீராக ஏறுவதுபோல் தெரிய வேண்டுமானால் கீழே துளித்துளியாகவும், மேலே போகப் போக அள்ளி அள்ளியும் கொடுக்க வேண்டும்.

இதை ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப் செய்கிறது, விரல் நகத்தளவுதான் இருக்கும். அது கரண்டைக் குறைப்பதில்லை. விளக்கை அணைத்து அணைத்து ஏற்றுகிறது. உங்கள் இலாகா பாஷையில் சொன்னால் மின்வெட்டு. இரண்டு மணி நேரம் உண்டு, இரண்டு மணி நேரம் இல்லை என்று ஊருக்கு அறிவிப்பீர்களே, அதையே கண் சிமிட்டுவதற்குள் நூற்றுக்கணக்கான தடவை செய்தால்? கரண்ட் போனதே யாருக்கும் தெரியாது, மங்கலாக எரிவதாக மட்டும் தோன்றும். குமிழ் எந்த இடத்தில் நின்றால் எவ்வளவு நேரம் ஏற்றிவைக்க வேண்டும் என்று ஒரு வாய்ப்பாடு எழுதி அந்தச் சிப்புக்குள் வைக்க வேண்டும். நாள் எடுப்பது அந்த வாய்ப்பாட்டுக்குத்தான்.

தேதி கேட்டிருக்கிறீர்கள். தேதி இல்லை.

அன்புடன்,
கமலம்


மாதனூர்
4 பிப்ரவரி 2024

கமலத்துக்கு,

தேதி இல்லை என்று ஒரே வரி. லீவு லெட்டரைத் திருப்பி அனுப்புகிற மாதிரி.

மின்வெட்டைப் பற்றி எனக்கே பாடமா? வெட்டியவனும் நான், அதற்காக ஊராரிடம் திட்டு வாங்கியவனும் நான். போகட்டும், உதாரணம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்படி அணைத்து அணைத்து ஏற்றினால் விளக்கு சீக்கிரம் போய்விடாதா? டியூப்லைட்டை நாலு தடவை போட்டு அணைத்தாலே நான் கத்துவேன், உனக்குத் தெரியும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் என்ன செய்துவிட்டேன் என்று போனாய்? குடித்தேனா, கை நீட்டினேனா? நீ பள்ளிக்கூடத்துக்குப் போன காலமெல்லாம் பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் கொண்டுபோய் விட்டவன் நான். மழையிலும் விட்டேன். விளக்கு செய்கிறாய் என்றால் செய். அதை இங்கேயே உட்கார்ந்து செய்தால் எரியாதா?

செய்தவரைக்கும் ஒன்றை அனுப்பு. மீட்டர் வைத்துப் பார்த்தால் எங்கே கோளாறு என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவேன். வேலையும் முடியும், நீயும் கிளம்பலாம்.

இப்படிக்கு,
பச்சையப்பன்


ஆம்பூர்
12 பிப்ரவரி 2024

நவநீதன் அப்பாவுக்கு,

வணக்கம். நீங்கள் கேட்டதில் சுலபமானதற்கு முதலில் பதில். எல்.ஈ.டி. விளக்கு டியூப்லைட் மாதிரி இல்லை. எத்தனை தடவை அணைத்து ஏற்றினாலும் அதற்கு நோகாது.

நோவு வேறு இடத்தில் வந்தது. முதலில் வெளிச்சத்தை இருநூற்றைம்பத்தாறு படிகளாகப் பிரித்தேன். மேலே வழுக்கிக்கொண்டு போயிற்று. கீழே, மங்கலில், ஒவ்வொரு படியும் கண்ணில் இடித்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் அது இரட்டிப்பல்லவா. "மாடிப்படி ஏறுற மாதிரி டக்கு டக்குன்னு ஏறுது டீச்சர்" என்றாள் தில்ஷாத். சரி என்று அறுபத்தையாயிரம் படிகளாக நறுக்கினேன். பட்டு மாதிரி ஏறி இறங்கியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எழிலரசியைக் கூப்பிட்டு, "கம்பெனியில உன் மிஷின்ல மாட்டிப் பாரு" என்று கொடுத்தேன்.

மறுநாள் அவள் முகம் வெளுத்து வந்தாள். "டீச்சர், மிஷின் ஓடுது. ஆனா ஊசி அஞ்சாறா நிக்குது. எது நெசமான ஊசின்னே தெர்ல. வெரல வெக்க பயந்துக்கினு நிறுத்திட்டேன்."

யோசித்தால் காரணம் எளிது. வகுப்பில் ஒரு பையனை, "பத்து வரை எண்ணி எண்ணிக் கைதட்டு" என்றால் படபடவென்று தட்டுவான். "ஆயிரம் வரை எண்ணிவிட்டுத் தட்டு" என்றால் எப்போதாவது ஒரு தட்டு கேட்கும். சிப்பும் அப்படித்தான் எண்ணுகிறது. படிகளை நுணுக்க நுணுக்க அது சிமிட்டும் வேகம் குறைந்துபோகும். சும்மா பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது, ஓடுகிற ஊசிக்குத் தெரிந்துவிடும். அதனால் இப்போது நடுவழி. நாலாயிரத்துச் சொச்சம் படிகள், நொடிக்கு நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைவான சிமிட்டல்கள். மிகக் கீழே உள்ள சில படிகள் இன்னும் இடிக்கும் என்பதால் வாய்ப்பாட்டை அவற்றுக்கு மேலே தொடங்கிவிட்டேன். ஊசி ஒன்றாகத் தெரிகிறது, வெளிச்சமும் இடிக்காமல் ஏறுகிறது. எழிலரசியின் கம்பெனி மேனேஜருக்கும் பிடித்திருக்கிறது. தையல் வரிசைக்கு எடுக்கலாமா என்று பார்க்கிறார்கள்.

இனி கடினமான கேள்வி. நீங்கள் குடிக்கவில்லை, கை நீட்டவில்லை. மழையில் வண்டியில் கொண்டுபோய் விட்டதும் உண்மை. தீபாவளிக்கு முந்தின வாரம் நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதே விளக்கின் முதல் சர்க்யூட் போர்டை ஈயத்தால் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். "ரிட்டயர் ஆன பொம்பளைக்கு இன்னா வேல இது, எந்திரி" என்றீர்கள். இன்னும் இரண்டு இணைப்புதான் என்றேன்.  நீங்கள் எழுந்துபோய் அந்த அறைக்கு வரும் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டீர்கள். பில் கட்டாதவன் வீட்டில் செய்கிற மாதிரி. திரும்பி வந்து பியூஸை மாட்டிவிட்டு, "சாப்பாடு போடு" என்றீர்கள். உங்களுக்கு அது மறந்துபோயிருக்கும். நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன், எனக்கு மறக்கவில்லை.

அதனால்தான் அங்கே உட்கார்ந்து செய்தால் எரியாது.

ஒரு விளக்கை எழிலரசியிடம் கொடுத்திருக்கிறேன், பாருங்கள்.

அன்புடன்,
கமலம்


மாதனூர்
19 பிப்ரவரி 2024

கமலத்துக்கு,

விளக்கு வந்தது. வேலை சுத்தமாக இருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும். நம் வயர்மேன்கள்கூட இப்படிப் பற்றவைத்ததில்லை.

பியூஸைப் பற்றி எழுதியிருந்தாய். ஒரு பியூஸுக்காகவா ஒருத்தி வீட்டை விட்டுப் போவாள்? அதைப் பிறகு பேசலாம்.

இப்போது விஷயம். மீட்டரை வைத்துப் பார்த்தேன். முழு வெளிச்சத்தில் ஒரு ஆம்பியர் ஓடுகிறது. குமிழைச் சரியாகப் பாதியில் நிறுத்தினேன். அரை ஆம்பியர் காட்ட வேண்டும். ஐந்தில் ஒரு பங்குகூடக் காட்டவில்லை. கழற்றி மாட்டி மறுபடியும் பார்த்தேன், அதேதான். எங்கேயோ பெரிய தப்பு செய்திருக்கிறாய்.

நீ கவலைப்படாதே. எழிலரசியின் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறானே வாஹித் பாஷா, முன்னாளில் என் கீழே ஒப்பந்த வேலை பார்த்தவன், அவனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "பாதியில வெச்சா பாதி வர்லப்பா, பார்த்து வாங்குங்க" என்றேன். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு டீச்சர் விளக்கில் கோளாறு என்று எவனும் சொல்லிவிடக் கூடாது பார். உன் நல்லதுக்குத்தான்.

திருத்தி அனுப்பு. மறுபடியும் பார்த்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
பச்சையப்பன்


ஆம்பூர்
22 பிப்ரவரி 2024

நவநீதன் அப்பாவுக்கு,

வாஹித் பாஷா போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பி, நான்கு பேர் நிற்கும்போது, "மேடம், உங்க வீட்டுக்காரரே ஈ.பி. ஆளு. அவரே கோளாறுன்னு சொல்றாராமே" என்றார். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள், விளக்கைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன்.

விளக்கில் கோளாறு இல்லை. பாதிக் குமிழில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஓட வேண்டும் என்று வாய்ப்பாட்டில் எழுதிவைத்ததே நான்தான். அதற்குத்தான் இத்தனை மாதம். முதல் கடிதத்திலேயே மெழுகுவர்த்தி வைத்து விளக்கினேன். நீங்கள் மெழுகுவர்த்தியைப் படித்தீர்கள், பிறகு மீட்டரைக் கேட்டீர்கள். தில்ஷாத்தின் முகத்தில் மீட்டர் இல்லை, கண்தான் இருக்கிறது.

இப்படிச் செய்யுங்கள். பகலிலேயே ஹால் ஜன்னல்களை எல்லாம் மூடுங்கள். குமிழின் மேல் ஒரு துண்டைப் போடுங்கள், அளவுக் கோடுகள் தெரியக் கூடாது. ஒரு தடவை முழு வெளிச்சம் வையுங்கள், ஒரு தடவை முழுக்கக் குறையுங்கள். பிறகு இரண்டுக்கும் நடு என்று உங்கள் கண் சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கப்புறம் மீட்டரைப் பாருங்கள். நீங்கள் ஒருவர் போதாது, இன்னொருவரையும் செய்யச் சொல்லுங்கள்.

என்ன வந்தாலும் வாஹித் பாஷாவிடம் சொல்லுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.

கமலம்


மாதனூர்
2 மார்ச் 2024

கமலத்துக்கு,

என்னிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஜன்னலை மூடிக்கொண்டு ஜெயம்மாளைக் கூப்பிட்டேன். "ஜெயம்மா, இத திருப்பு. பாதி வெளிச்சம் வந்ததும் நிறுத்து" என்றேன். "பாதின்னா இன்னா சார்? டீச்சரம்மா இல்லாம உனக்கு இன்னாமோ ஆயிடுச்சி" என்றாள். அப்புறம் திருப்பினாள், நிறுத்தினாள். மீட்டர் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே காட்டியது. கிழவிக்குக் கண் சரியில்லை என்று நான் உட்கார்ந்தேன். நன்றாகப் பார்த்து, யோசித்து, நிதானமாக நிறுத்தினேன். ஐந்தில் ஒன்றுக்குப் பக்கத்தில். மீட்டர்தான் பழுது என்று பள்ளிகொண்டாவரை போய் வேறு மீட்டர் இரவல் வாங்கி வந்தேன். அதுவும் அதையேதான் காட்டுகிறது.

ஆக மீட்டரும் சரி, கண்ணும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது. நீ எழுதிய கஞ்சி உப்பை மறுபடி எடுத்துப் படித்தேன்.

வாஹித் பாஷாவிடம் சொல்லிவிட்டேன். "சார், அன்னிக்கி ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கி ஒண்ணு சொல்றீங்க" என்றான். "அன்னிக்கி மீட்டர் சொன்னதச் சொன்னேன், இன்னிக்கி கண்ணு சொன்னதச் சொல்றேன், போய் மேனேஜர் கிட்ட சொல்லு" என்று போனை வைத்தேன்.

விளக்கை இங்கேயே வைத்துக்கொள்ளட்டுமா? பேப்பர் படிக்க வசதியாக இருக்கிறது.

இப்படிக்கு,
பச்சையப்பன்


ஆம்பூர்
20 மார்ச் 2024

நவநீதன் அப்பாவுக்கு,

வணக்கம். விளக்கை வைத்துக்கொள்ளுங்கள். நோன்பு தொடங்கியிருக்கிறது. தில்ஷாத் தினமும் எனக்கும் ஒரு கிண்ணம் நோன்புக் கஞ்சி அனுப்புகிறாள். உப்பு அளவாகவே இருக்கிறது.

வாஹித் பாஷா மேனேஜரிடம் சரியாகச் சொன்னாராம். அதற்கு நன்றி. போன வாரம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். போனேன்.

"மேடம், லைட் ஏ-ஒன். நாப்பது வேணும். ஒண்ணே ஒண்ணு, குமிழ் மேஜையில வேணாம். எல்லாத்துக்கும் சேர்த்து சூப்பர்வைசர் டேபிள்ல ஒரு பாக்ஸ் குடுத்துடுங்க."

"ஏன் சார்?"

"கையில குடுத்தா இதுங்க திருப்பித் திருப்பி விளையாடிக்கினே இருக்கும். புரொடக்‌ஷன் போயிடும்."

பொறுமையாகச் சொன்னேன். ஒரே வரிசையில் எழிலரசி மாதிரி சின்னப் பெண்ணும் இருக்கிறாள், ஐம்பதைத் தாண்டியவளும் இருக்கிறாள். வயது ஏற ஏறக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறைகிறது. சின்னவளுக்குக் கூசுவது பெரியவளுக்குப் போதாது. வெள்ளைத் தோலுக்கு ஒரு வெளிச்சம், கறுப்புத் தோலுக்கு ஒன்று, பளபளக்கும் தோலுக்கு இன்னொன்று. தைக்கிறவள் கையில்தான் குமிழ் இருக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் சூப்பர்வைசர் பார்த்துக்குவாரு" என்றார்.

"அப்போ உங்க மூக்குக்கண்ணாடியையும் சூப்பர்வைசர் கிட்ட குடுத்து வைங்க சார். எப்போ எப்போ வேணும்னு அவரே பார்த்துக் குடுப்பாரு" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "யோசிச்சு சொல்லுங்க மேடம், நாப்பது லைட்" என்றார். யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒருத்தியின் வெளிச்சத்தை இன்னொருவர் தூரத்தில் உட்கார்ந்து திருப்புகிற பெட்டியை நான் செய்ய மாட்டேன்.

அன்புடன்,
கமலம்


மாதனூர்
27 மார்ச் 2024

கமலத்துக்கு,

உனக்குப் பைத்தியமா? நாற்பது விளக்கு. நான் போய் அந்த வாஹித் பாஷாவிடம் அசடு வழிந்து வாங்கிக் கொடுத்தது. குமிழ் எங்கே இருந்தால் உனக்கென்ன? கேட்டபடி பெட்டியைச் செய்து கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது, மரியாதையாக வீட்டுக்கு வந்திருக்கலாம். யாரோ சூப்பர்வைசர், யாரோ பெண்கள். நமக்கு எதற்கு?

எழிலரசி பஸ் ஏறும்போது சொல்கிறாள், "டீச்சர் சரியா கேட்டுச்சி சார்" என்று. அவளுக்கென்ன, சொல்வாள்.

எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. ஐந்து மாதமாகக் கோழிக்கும் எனக்கும் நானே சமைக்கிறேன். போதும். சித்திரை முதல் தேதிக்குள் நீ வந்துவிட வேண்டும். வராவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு நான் ஓசூருக்கு, மகன் வீட்டுக்கே போய்விடுவேன். கோழிகளை ஜெயம்மாளுக்குக் கொடுத்துவிடுவேன். அப்புறம் நீ வந்தாலும் பூட்டைத்தான் பார்ப்பாய். யோசித்து முடிவு செய்.

பச்சையப்பன்


ஆம்பூர்
3 ஏப்ரல் 2024

நவநீதன் அப்பாவுக்கு,

வணக்கம். சித்திரை முதல் தேதிக்கு நான் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் வரவில்லை. கோபத்தில் எழுதவில்லை, கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்து படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறேன்.

நமக்கு எதற்கு என்று கேட்டீர்கள். தையல் வரிசையில் ஒரு பெண் கண் கூசி, குறைத்துக்கொள்ள முடியாமல், சூப்பர்வைசர் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே, அவளை எனக்குத் தெரியும். அவள் பெயர் தெரியாது, ஆனால் தெரியும். அந்த ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டதாம். அவர்கள் பெட்டியைச் செய்து கொடுக்கட்டும். அது என் கையால் ஆனதாக இருக்காது.

இங்கே கதை வேறு மாதிரி போகிறது. தில்ஷாத்தின் தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள் தைக்கிறார்கள். மாலையில் நோன்பு திறக்க வந்த சானியா விளக்கைத் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ கம்மியா வெச்சாலும் துடிக்கல டீச்சர். ராத்திரி எங்க வூட்ல பெரிய லைட்ட போட்டா எல்லாரும் பேஜார் பண்றாங்க. எனக்கு ஒண்ணு குடுங்க" என்றாள். அவளைப் பார்த்து இரம், இரமைப் பார்த்து அவள் நாத்தனார் என்று கேட்டு வருகிறார்கள். நாற்பது இல்லை, ஒவ்வொன்றாகத்தான் போகிறது. ஒவ்வொன்றிலும் குமிழ் இருக்கிறது.

தில்ஷாத்தின் வீட்டு முன்னறையைக் கடைக்காக எடுத்துவிட்டேன். நேற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். கணவர் பெயர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதினேன். கையெழுத்து என்ற இடத்தில் என் பெயர். இரண்டும் எனக்குச் சம்மதம்தான்.

ஊரார் கேட்டால் பெண்டாட்டி ஓடிப்போய்விட்டாள் என்று சொல்லாதீர்கள். ஆம்பூரில் விளக்குக் கடை வைத்திருக்கிறாள் என்று சொல்லுங்கள். டீக்கடையில் ஒருவன் கேட்டானே, ரிட்டயர் ஆன பிறகு என்ன வேலை என்று, அவனுக்கும் அதுதான் பதில்.

ஓசூருக்குப் போவதானால் போய் வாருங்கள். சர்க்கரை மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள், பேத்திக்கு என் முத்தம். வீட்டைப் பூட்டுவதும் திறப்பதும் உங்கள் இஷ்டம். பூட்டைக் காட்டி என்னை வரவழைக்க முடியாது.

அன்பு குறையாமல்,
கமலம்


ஓசூர்
21 ஏப்ரல் 2024

கமலத்துக்கு,

சொன்னபடி பூட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்து ஒரு வாரமாகிறது. நவநீதனும் மருமகளும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், குறை சொல்லக் கூடாது.

டிவி ரிமோட் பேத்தியிடம் இருக்கிறது. ஏசி ரிமோட் மருமகளிடம். நான் படுக்கும் அறைக்கு சுவிட்சே கிடையாது, எல்லாம் நவநீதனின் போனில். நேற்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பக்கத்தில் விளக்கு அணைந்துவிட்டது. கரண்ட் போய்விட்டது என்று உட்கார்ந்திருந்தேன். ஹாலில் வெளிச்சம் தெரிந்தது. பிறகு அவன் குரல் கேட்டது, "அப்பா, நேரமாச்சி, படுங்க. கண்ணு கெட்டுடும். உங்க நல்லதுக்குத்தான்."

 ரொம்ப நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அவனிடம் காலையில், "அந்த ரூமுக்கு ஒரு சுவிட்ச் வெச்சுக் குடுடா" என்றேன். "எதுக்குப்பா, நாங்கதான் இருக்கோமே" என்றான்.

வெள்ளிக்கிழமை மாதனூர் திரும்புகிறேன். கோழிகளை ஜெயம்மாளிடமிருந்து திருப்பி வாங்க வேண்டும், கொடுப்பாளோ என்னமோ.

உன்னை எப்போது வருகிறாய் என்று கேட்க இந்தக் கடிதம் இல்லை. நான் ஆம்பூருக்கு வரலாமா என்று கேட்கிறேன். வரலாம் என்றால், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுது. அந்த நேரத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
பச்சையப்பன்


ஆம்பூர்
24 ஏப்ரல் 2024

நவநீதன் அப்பாவுக்கு,

வரலாம். ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிக்கு மேல். அதற்கு முன்னால் எனக்கு வேலை இருக்கும். கீழே தில்ஷாத்திடம் சொல்லிவிட்டு மாடிக்கு வாருங்கள். உங்களுக்கும் சேர்த்துச் சமைத்து வைக்கிறேன்.

மாலை ஆறரைக்கு மாதனூருக்கு டவுன் பஸ் இருக்கிறது.

கமலம்